எம்.ஏ. வகுப்புக்கு ஓர் ஆள் குறைவு

ஜூன் பிறந்துவிட்டால் தெய்வசிகாமணியைக் கல்லூரியில் பார்க்க முடியாது. சின்னசேலத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவே, மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு தனியார் கலைக்கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவர் அவர். தோளில் ரெக்சின் பை, பைக்குள் கல்லூரியின் வண்ண நோட்டீசுகள், தண்ணீர் பாட்டில், மனைவி கமலா கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சோறு. இவற்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய், பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறவர்களின் வாசலில் நின்று, எம்.ஏ. பொருளாதாரத்துக்கு ஆள் சேர்க்க வேண்டும். தனியார் கல்லூரியில் சம்பளம் வாங்குகிற எல்லாருக்கும் உள்ள விதிதான். ஊருக்குள் இதற்கு ஒரு பெயர் உண்டு.

“புள்ள புடிக்கக் கெளம்பியாச்சா?” என்பாள் கமலா. அவளுக்கு அங்கன்வாடியில் வேலை. “நானுந்தான் காலைல வூடு வூடாப் போயி புள்ளைங்கள இட்டாறேன். எங்கிட்ட வர்றதுங்க அன்னைக்கே அழுதுட்டு அடங்கிடும். உங்ககிட்ட வர்றதுங்க ரெண்டு வருஷம் கழிச்சில்ல அழுவுதுங்க.”

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு சிரித்தபடி இறங்கிவிடுவார். அவள் சொல்வதில் பொய் இல்லை என்பது இருவருக்கும் தெரியும்.

எதற்காக எம்.ஏ. படிக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவரிடம் வீட்டுக்கு ஒரு பதில் இருந்தது. பையன் இருக்கிற வீடு என்றால், “ஹாஸ்டல்ல தங்கிகினு குரூப் ஃபோருக்குப் படிக்கட்டுங்க, எம்.ஏ. ஒரு பக்கம் நடந்துகினு இருக்கும்.” பெண் இருக்கிற வீடு என்றால், “வூட்ல சும்மா இருக்கிற பொண்ணுன்னா மாப்ள வூட்ல ஒரு மாதிரி கேப்பாங்க. எம்.ஏ. படிச்சிகினு இருக்குதுன்னா பேச்சே வேற.” மகன் குடித்துக்கொண்டு ஊர் சுற்றுகிறான் என்று கண்ணைக் கசக்குகிற தாயிடம், “ரெண்டு வருஷம் என் கண்ணெதிர்ல இருப்பாம்மா.” இந்தப் பதில்கள் எதிலும் பொருளாதாரம் என்கிற சொல்லே வராது. ஆரம்பத்தில் அதையும் சொல்லிப் பார்த்தார். நாட்டின் வருமானம், விலைவாசி, வறுமைக்கோடு என்று. கேட்டவர்கள் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, “ஆமா, அதுல வேல கெடைக்குமா?” என்றார்கள். அதோடு விட்டுவிட்டார்.

அவரே எதற்காகச் சேர்ந்தார் என்பது வேறு கதை. சங்கராபுரம் பக்கத்தில் காணி நிலம் இல்லாத குடும்பம். அப்பாவும் அண்ணன் முனியனும் கரும்பு வெட்டுகிற செட்டில் இருந்தார்கள். பி.ஏ. படிக்கும்போது லீவு விட்டால் இவரும் போவார். கரும்புத் தோகையின் சுணை கழுத்திலும் முழங்கையிலும் ஏறி, வியர்வை பட்டதும் தீயாய் எரியும். குளித்தாலும் போகாது. பி.ஏ. முடிந்ததும் நேராகச் செட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. அந்த வருஷம் அரசு கல்லூரியில் தமிழுக்கு மார்க் எட்டவில்லை, வரலாற்றில் இடம் நிரம்பிவிட்டது. பொருளாதாரத்தில் இடம் இருந்தது, வகுப்பறையில் ஃபேனும் இருந்தது. சேர்ந்துவிட்டார். எம்.ஏ. முடிந்தபோது கரும்பு அங்கேயே நின்றுகொண்டிருந்தது. எம்.ஃபில். சேர்ந்தார். அப்புறம் மரவள்ளி பயிரிடுகிறவர்களின் வாழ்க்கைத்தரம் என்று ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு டாக்டர் பட்டமும் வாங்கினார். “இன்னும் எத்தினி வருஷன்டா நெழல்லயே இருப்ப?” என்று முனியன் ஒருமுறை கேட்டான். கேலியாகத்தான் கேட்டான். அரசு வேலைக்கான பரீட்சை அறிவிப்பதும், வழக்கில் நிற்பதும், மறுபடி அறிவிப்பதுமாக வருஷங்கள் போய், இந்தத் தனியார் கல்லூரியே கடைசி நிழலாகிவிட்டது.

இந்த வருஷம் அதுவும் போகிற மாதிரி இருந்தது. பி.ஏ.வுக்கு மற்ற ஆசிரியர்களே போதும், எம்.ஏ. இல்லையென்றால் இவர் தேவையில்லை. குறைந்தது பத்துப் பேர் இருந்தால்தான் எம்.ஏ. பொருளாதாரம் திறக்கப்படும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. போன வருஷம் எம்.ஏ. வரலாறு அப்படித்தான் மூடப்பட்டது. அதை நடத்திய மாயவன் சார் இப்போது மச்சினன் மருந்துக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். மாத்திரை அட்டையைக் கத்திரிக்கோலால் வெட்டித் தரும்போதும் அவரிடம் வகுப்பெடுக்கிற தோரணை போகவில்லை என்று ஊரில் சிரித்தார்கள்.

அலைந்து திரிந்து ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டார் தெய்வசிகாமணி. ஓர் ஆள் குறைந்தது. மீதி இருந்தது தனுஷா ஒருத்திதான். கரியாலூருக்குப் பக்கத்து மலைக் கிராமத்துப் பெண். அவரிடம் பி.ஏ. படித்தவள். மூன்று வருஷமும் வகுப்பில் முதலாவதாக வந்தவள். அவளை ஏன் கடைசியாக வைத்தார் என்றால், அவள் கட்டாயம் வருவாள் என்று நம்பியிருந்தார். ரிசல்ட் வந்த அன்றே போனில் “எம்.ஏ. எப்ப சார் ஆரம்பிக்கும்?” என்று கேட்டவள் அவள்தான்.

வண்டி மலை ஏறாது என்று பஸ்ஸில் போனார். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் பஸ் திரும்பத் திரும்பக் காது அடைத்தது. இறங்கி மண்பாதையில் நடந்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் இரண்டு பேர் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தனுஷாவின் அப்பா வேடியப்பன். இன்னொருவர் சற்று வயசானவர், கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளைகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரராக இருக்கும் என்று தெய்வசிகாமணி நினைத்துக்கொண்டார்.

“வாங்க சாரு, வாங்க. ராஜாம்பா, சேர் எடுத்தா. பொண்ணோட வாத்தியாரு வந்துகீறாரு பாரு.”

உள்ளேயிருந்து ராஜாம்பாள் பிளாஸ்டிக் நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். தனுஷா கதவோரம் வந்து நின்று, “வாங்க சார்” என்றாள். முகம் மலர்ந்திருந்தது. வயசானவர் ஒரு தட்டு நிறையச் சுளைகளை அவர் பக்கம் நகர்த்தினார். “சாப்டுங்க வாத்தியாரே. எங்க மலைப் பழம். கீழ விக்கிற பழம் மாதிரி இல்ல.”

சுளை தேனாக இருந்தது. நான்கைந்து சாப்பிட்ட பிறகு, எம்.ஏ. வகுப்புக்கு ஓர் ஆள் குறைவதைச் சொல்லி அவர் பேச்சைத் தொடங்கினார். வேடியப்பன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க சாரு. பி.ஏ. படிச்சிட்டா. எம்.ஏ. படிச்சா இன்னா ஆவா?” என்றார்.

“பி.எட். சேத்துப் படிச்சா டீச்சராவலாங்க.”

“எங்க ஊர்லயே பி.எட். படிச்சவன் மூணு பேரு கீறான். மூணு பேரும் கர்நாடகா எஸ்டேட்டுக்கு மொளவு பறிக்கப் போறான். படிக்காதவனும் அங்கதான் போறான். என்னா ஒண்ணு, படிச்சவன் பஸ்ல ஜன்னலோரம் உக்காந்துகினு போறான்.”

வயசானவர் தோள் குலுங்கச் சிரித்தார். தெய்வசிகாமணியும் சிரித்தார். இந்த மாதிரி வீட்டுக்கான பதிலை எடுத்தார்.

“அப்படி இல்லீங்க. நாளைக்குக் கல்யாணம்னு வந்தா, படிச்ச பொண்ணுக்கு நல்ல எடம் அமையும். உங்களுக்கும் செலவு கம்மியாவும்.”

“அதெல்லாம் அவ மாமன் வூட்ல பேசி வெச்சிருக்கோம் சாரு. எங்களுக்கு இன்னா செலவு? மாப்ள வூட்டுக்காரந்தான் பொண்ணுக்குப் பரிசம் கட்டுவான். நாங்க வாங்கற ஆளுங்க.”

“வாத்தியாரு கீழ ஊருக் கணக்குச் சொல்றாரு” என்றார் வயசானவர். மறுபடி எல்லோரும் சிரித்தார்கள். கதவோரம் தனுஷாவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில்தான் அவருக்கு உற்சாகம் ஏறிவிட்டது. ‘பேசி வெச்சிருக்கோம்’ என்பதை, தன் ஊரில் சொல்வதுபோல வெறும் பேச்சு என்று எடுத்துக்கொண்டார். சரக்கு குறைவாக இருந்து கேட்பவர் அதிகமாக இருந்தால் விலை ஏறும் என்று வருஷா வருஷம் போர்டில் கோடு கிழித்துக் காட்டுகிற மனிதர். நாக்கு தானாகவே அந்தப் பாடத்துக்குப் போய்விட்டது.

“அப்ப இன்னும் நல்லதாப் போச்சே! எம்.ஏ. படிச்ச பொண்ணு இந்த மலையில எத்தினி பேருங்க இருக்கு? படிச்சி முடிக்கட்டும். நீங்க பரிசத்த ரெண்டு பங்கு, மூணு பங்கு ஏத்திக் கேக்கலாமே!”

யாரும் சிரிக்கவில்லை. ராஜாம்பாள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வேடியப்பன் தரையைப் பார்த்தார். வயசானவர் அறுத்த பழத்தை அப்படியே வைத்துவிட்டு, கையில் ஒட்டிய பாலைத் துண்டில் துடைத்தார். நிதானமாகத் துடைத்தார். எழுந்து, “நான் வர்றேன் மாப்ள” என்று வேடியப்பனிடம் மட்டும் சொல்லிவிட்டு, சரிவில் இறங்கி நடந்தார்.

“யாருங்க அவரு?” என்றார் தெய்வசிகாமணி.

“எங்க மச்சான், தங்கதுரை. ராஜாம்பாவோட அண்ணன். அவரு பையனுக்குத்தான் பேசியிருக்கு.” வேடியப்பனின் குரலில் கோபம் இல்லை. “நீங்க சாப்டுங்க சாரு.”

தெய்வசிகாமணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

பஸ் நிற்கிற இடம் வரை தனுஷா கூட வந்தாள். கொஞ்ச தூரம் போன பிறகு அவளே சொன்னாள்.

“எங்க ஊர்ல பரிசம் எல்லாப் பொண்ணுக்கும் ஒண்ணுதான் சார். பள்ளிக்கூடமே போவாத எங்க அக்காவுக்கும் அதான், எனக்கும் அதான். ஏத்திக் கேக்கறதுன்னா பொண்ண விக்கிறதுன்னு அர்த்தம். எங்க அப்பா உங்கள வெச்சி ஏத்திக் கேக்கறாருன்னு மாமா நெனச்சிட்டாரு.”

“நான் போயி அவருகிட்டப் பேசறேம்மா. தெரியாம சொல்லிட்டேன்னு கால்ல கூட விழறேன்.”

“வேணாம் சார். நீங்க பேசினா, அதையும் அப்பாதான் சொல்லிக் குடுத்தாருன்னு ஆவும்.” அவள் நின்றாள். “மாமாகிட்ட நானே போய் கேட்டிருந்தேன் சார். ரெண்டு வருஷம் பொறுங்க மாமா, படிச்சிட்டு வந்துடறேன்னு. மொதல்ல முடியாதுன்னாரு. அத்தையப் புடிச்சி, அவரு பையன் ஜெயப்பிரகாசப் புடிச்சி, அப்புறம் சரின்னாரு. அதச் சொல்லத்தான் இன்னைக்குப் பழத்தோட வந்து உக்காந்துகினு இருந்தாரு. வாத்தியாரே வந்துட்டாரு, அவர வெச்சே சொல்லிடலாம்னு இருந்திருப்பாரு.”

 தெய்வசிகாமணி பாதையோரம் இருந்த ஒரு பாறையில் உட்கார்ந்தார். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

“மாப்பிள்ள எப்படிம்மா?”

“ஜெயப்பிரகாசு நல்லவன்தான் சார். குடிக்க மாட்டான். வருஷத்துல பாதி எஸ்டேட்டுல இருப்பான். கண்ணாலம் ஆனா நானும் கூடப் போவணும். ஆளுங்களுக்குச் சோறாக்கணும்.” பிறகு, “நீங்க எதுக்கு சார் எம்.ஏ. சேந்தீங்க?” என்றாள்.

இத்தனை வருஷத்தில் எந்த மாணவரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. வீட்டுக்கு ஒன்றாக வைத்திருந்த பதில்களில் இதற்குப் பொருத்தமானது எதுவும் இல்லை. அதனால் உள்ளதைச் சொன்னார். கரும்புச் சுணையை, முனியனை, ஃபேனை.

“எனக்கும் கிட்டத்தட்ட அதான் சார்” என்றாள். “படிச்சிகினு இருக்கற வரைக்கும், நீ இன்னா பண்ணப்போறன்னு யாரும் கேக்க மாட்டாங்க. படிச்சிகினு இருக்கான்னு சொன்னா போதும், வுட்ருவாங்க.” பஸ் வருகிற சத்தம் வளைவில் கேட்டது. அவள் அவசரமாக, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவள் போல, “அதோட எனக்குப் புடிக்கவும் புடிச்சிது சார்” என்றாள். “போர்டுல போடுவீங்களே, தேவைக்கு ஒண்ணு, சரக்குக்கு ஒண்ணுன்னு, அந்தக் கோடு ரெண்டும் வெட்டிக்கிற எடம். அங்க எல்லாம் சரியாயிடும்னு சொல்லுவீங்க இல்ல. எங்க மலையில மட்டும் ஏன் எதுவும் அந்த எடத்துல வந்து நிக்கலன்னு பாக்கணும்னு இருந்துது.”

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பொருளாதாரம் பிடித்திருக்கிறது என்று ஒருவர் தன்னிடம் சொல்வதை அவர் இதற்குமுன் கேட்டதே இல்லை.

அடுத்த சில நாட்கள் அவர் போன் செய்துகொண்டே இருந்தார். முதலில் மணி அடித்தது, பிறகு அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது, பிறகு அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்றது. வெள்ளிமலைப் பக்கத்துப் பையன் ஒருவன் பி.காம்.மில் இருந்தான். அவனை விசாரித்ததில், ஆனி முடிவதற்குள் கல்யாணம் என்று தங்கதுரை நாள் குறித்துவிட்டதாகத் தெரிந்தது. பெண் வீட்டுக்காரர்கள் எதுவும் பேச முடியாத நிலை. பேசினால், விலை ஏற்றப் பார்த்தவர்கள் என்று ஆகிவிடும்.

“மேல போயி ஒரு தடவ பாத்துட்டு வாங்களேன்” என்றாள் கமலா.

“போனா இன்னும் கெடுப்பேன்.”

“அதுவும் சரிதான்” என்றாள். அவளுக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. சோற்றைப் போட்டுவிட்டு, “மோர் ஊத்தட்டா?” என்று கேட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகள் சுபஸ்ரீ, பிளஸ் டூ படிக்கிறவள், தலையைத் தூக்கி, “அப்பா, நான் என்ன வேணா படிக்கறேன். எகனாமிக்ஸ் மட்டும் வேணாம்ப்பா” என்றாள். கமலா முறைத்தாள். அவர் மகளின் தலையைத் தடவிவிட்டு, “வேணாம்மா” என்றார்.

பத்தாவது ஆளாக யார் கிடைத்தாலும் போதும் என்று தியாகதுருகம், சங்கராபுரம் என்று கடைசி நாள் வரை சுற்றினார். யாரும் கிடைக்கவில்லை. சேர்ந்த ஒன்பது பேரையும் கல்லூரி அலுவலகம் கூப்பிட்டு, எம்.காம். போகிறீர்களா, சான்றிதழை வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டது. பையன்களில் பாதிப் பேர் தோளைக் குலுக்கிவிட்டு எம்.காம். என்றார்கள். அவர்களுக்கு ஹாஸ்டல்தான் முக்கியம். எம்.ஏ. வகுப்பறையில் தையல் பயிற்சிக்கு மெஷின் போட்டார்கள்.

முதல்வர் நல்ல மனிதர். தெய்வசிகாமணியைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார். “உங்கள அனுப்பிட மாட்டோம் சார். காலேஜ் பஸ்ஸுக்கெல்லாம் ஒரு பொறுப்பாளர் தேவைப்படுது. காலையில எல்லா வண்டியும் நேரத்துக்குக் கெளம்புதா, யாரு ஏறினா, யாரு ஏறல, பாத்துக்கணும். சம்பளம் கொஞ்சம் மாறும்.” எவ்வளவு மாறும் என்று இவர் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது. அன்றிலிருந்து காலையில் ரெக்சின் பைக்குப் பதில் விசிலோடு புறப்பட்டார். அதைப் பற்றிக் கமலா எந்தக் கேலியும் செய்யவில்லை. அவள் கேலி செய்யாததுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆடி பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலேஜ் பஸ் ஒன்று ஆள் ஏற்றுகிற இடத்தைப் பார்ப்பதற்காகக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தார். மலை பஸ் வந்து நின்றது. மேலேயிருந்து பலாப்பழங்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். கீழே நின்று தோளில் வாங்கிக்கொண்டிருந்தவர் திரும்பியபோது, வேடியப்பன்.

ஒளியலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அவரே பார்த்துவிட்டார்.

“சாரு!” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார். “கண்ணாலத்துக்குச் சொல்லணும்னு இருந்துது. அவசரத்துல ஆயிப்போச்சி. மனசுல வெச்சுக்காதீங்க.”

“நான்தாங்க மன்னிப்பு கேக்கணும். அன்னைக்கு...”

“வுடுங்க. நீங்க இன்னா கெட்ட எண்ணத்துலயா சொன்னீங்க. உங்க ஊரு பேச்சு அது.” வேடியப்பன் ஒரு பழத்தைத் தட்டிப் பார்த்து, நல்லதாக ஒன்றைத் தனியே வைத்தார். “இத எடுத்துகினு போங்க. மச்சான் வூட்டு மரத்துப் பழம்தான்.”

“பொண்ணு எப்படிங்க இருக்குது?”

“இருக்குது. அடுத்த வாரம் ரெண்டு பேரும் எஸ்டேட்டுக்குக் கெளம்புறாங்க. அதுவரைக்கும் மச்சான் வூட்ல.” பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்துக் கேட்டார். “சாரு, ஒரு ஆளு கொறயுதுன்னு சொல்லிகினு இருந்தீங்களே. கிளாசு ஆரம்பிச்சிட்டாங்களா? எங்களால நின்னுப்போச்சோன்னு ராஜாம்பா சொல்லிகினே கீறா.”

தெய்வசிகாமணி கையிலிருந்த விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். இந்த மனிதருக்கு ஏற்கெனவே இருக்கிற பாரமே போதும் என்று நினைத்தார்.

“ஆரம்பிச்சாச்சுங்க. வேற ஒரு ஆளு கெடைச்சிடுச்சி. நல்லா நடக்குது.”

வேடியப்பன் முகம் தெளிந்தது. “அப்பாடா. அவளாண்ட சொல்றேன். அவளுந்தான் கேட்டுகினு இருந்தா.”

அவர் பழக்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு மார்க்கெட் பக்கம் நடந்தார். எட்டி நடக்கிற கால். ‘அவள்’ என்று அவர் சொன்னது தனுஷாவை என்று தெய்வசிகாமணிக்குப் புரிந்தபோது, அவர் மார்க்கெட் கூட்டத்துக்குள் போய்விட்டிருந்தார். சாயங்கால பஸ்ஸில் மலை ஏறி, முதல் வேலையாக அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லப்போகிறார். நீ இல்லாவிட்டாலும் வகுப்பு நடக்கிறது, உன் இடத்தில் வேறு ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று.

ஓடிப்போய் நிறுத்தி, பொய் என்று சொல்லலாம். சொன்னால், தங்களால்தான் வகுப்பு நின்றது என்கிற பாரத்தை வேடியப்பன் தூக்கிக்கொண்டு போவார். காலேஜ் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பிள்ளைகள் ஏறினார்கள். டிரைவர் எட்டிப் பார்த்து, “சார், எல்லாரும் ஏறியாச்சா? போலாமா?” என்றான்.

அவர் பலாப்பழத்தைத் தூக்கி இஞ்சின் பக்கத்தில் வைத்துவிட்டு, “போலாம்” என்றார்.